அகழியோரம் பத்துச் சுற்று

திலகவதி பி.காம். முடித்த கையோடு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் சேவூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

"கால்ல சக்கரம் கட்டிகினு சுத்தற பொண்ண எவன் கட்டுவான்? அந்த ஸ்கேட்டிங் ஷூவ யாருக்காவது குடுத்துடு" என்றாள் அம்மா பூங்காவனம்.

கடைசியாகப் பத்துச் சுற்று ஓட்டிவிட்டுத் தருவதாகச் சண்டைபோட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள் திலகவதி.

காலை ஏழு மணிக்குக் கோட்டை அகழியைச் சுற்றிப் போகும் சிமென்ட் பாதையில் அம்மா கால்நீட்டி உட்கார்ந்தாள். நெசவுக்கான பாவு இழைகளை எண்ணி நூற்றுக்கு ஒரு முடிச்சு போடுவது அவள் வேலை. அதே பழக்கத்தில், மகள் தன்னைக் கடக்கும்போதெல்லாம் கையிலிருந்த நூலில் ஒரு முடிச்சு போட்டாள்.

"பத்தாச்சு, கழட்டு."

"ஒம்போதுதாம்மா."

"முப்பது வருசமா எண்ணிகினு இருக்கேன், ஒரு இழை தப்பினதில்ல. பத்து தபா என்னத் தாண்டிப் போன."

"இதுலயும் ஒரு சுத்த புடிச்சிகினியா? நல்லா இரு."

திலகவதி ஷூவைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டாள். வெறுங்காலோடு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாதையில் வேறு யாரும் இல்லை.

கோட்டை மூலைக்கு அந்தப் பக்கம் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அது வளைவில் திரும்பி வேகமாக நெருங்கியது.

பக்கத்தில் மகள் இருக்க, வளைவில் வருவதும் மகள்தான் என்பதுபோல் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா கேக்கறாளா பாரு" என்று முணுமுணுத்து, வழிவிடுவதற்காகக் கால்களை மடக்கிக்கொண்டாள்.