கெட்டுப்போன கிணறுகள்

பள்ளி ஆராய்ச்சிக்காக நீலா ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்த இருபது பக்கங்களும் அப்பாவின் கையில் இருந்தன. பட்டான்செருவில் ஓர் ஆலையின் கழிவால் கெட்டுப்போன கிணறுகளைப் பற்றிய கட்டுரை அது. அப்பா அனந்தராமனுக்குச் சம்பளம் தருவதும் அதே ஆலைதான்.

"வேற யாராவது படிச்சாளா?"

"இல்லப்பா. நாளைக்குத்தான் மிஸ்கிட்ட தரணும்."

அவர் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

"கிழிச்சுடாதேப்பா. வேற தலைப்புல எழுதிடறேன்."

"இங்கிலீஷ்ல தப்பில்லைம்மா. எண்ணிக்கைதான் தப்பு. பன்னிரண்டு கிணறு இல்லை, நாற்பத்தொண்ணு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க லேப்ல அந்தத் தண்ணியை டெஸ்ட் பண்ணினதே நான்தான். மேனேஜர் ஃபைலை மூடி வச்சுட்டார்."

அப்பா அடித்த வரிக்கு மேல் நாற்பத்தொன்று என்று எழுதி, பக்கங்களை அவளிடம் நீட்டினார்.

"இந்த எண்ணிக்கை யார் தந்ததுன்னு மிஸ் கேட்டா, என் பேரையே சொல்லு."