கருப்பியின் கூடை

வீட்டம்மாவுக்குச் சம்பந்தி விருந்து. முட்டை குறைவாக இடுகிற ஜீவன் குழம்புக்கு என்று சொல்லிவிட்டு, கணக்கெடுக்கும் வேலையைக் கொண்டுபோய்ச் சேவலிடம் கொடுத்தாள். வேறு ஆளா கிடைக்கவில்லை!

சேவல் கூடை கூடையாக எட்டிப் பார்த்தது. பிறகு கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது. "கருப்பிக்கு சைபர்."

அடைகாத்துக்கொண்டிருந்த கருப்பிக் கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், என் கூடைப் பக்கம் எப்பய்யா வந்தே?"

"வந்தா கொத்துவே. அதான் வரலை."

"பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லு. சைபர்னு எப்படிய்யா சொல்வே? என் வயித்துக்கடியிலே என்ன, கூழாங்கல்லா கிடக்குது?"

"அடியே, 'பார்க்கலை'யை எதோட கூட்டினாலும் 'பார்க்கலை'ன்னுதான் வரும். அம்மாவுக்கு எண்ணுதான் வேணும். காலி இடத்திலே சைபரைப் போட்டா கணக்கு அழகா முடியும்."

"முடியறது என் கழுத்துய்யா!"

"கத்தாதே. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்போ நீ எத்தனை முட்டை இட்டே?"

சேவலின் கொண்டை வெளுத்துப்போனது. "நான் சேவல்டி! அந்தக் கேள்வியே எனக்குக் கிடையாதே!"

"காலி இடம்தானே? சைபரைப் போடு."

அதற்குள் வீட்டம்மா அரிவாள்மணையோடு வந்து நின்றாள். "என்னடா, கணக்கு முடிஞ்சதா? யாருக்கெல்லாம் சைபர்?"

கருப்பி சேவலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "கருப்பி கூடையை இன்னும் பார்க்கலைங்கம்மா."