பட்டைக்காரனுக்கு வேர்க்கிறது

“வாயைத் திறந்து திறந்து மூடறான்மா. ரொம்ப நேரம் தாங்க மாட்டான் போல இருக்கு. நீ உடனே கிளம்பி வா.”

மாமனார் போனில் சொன்ன அழகுக்கு, வேறு யாராவது கேட்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கே சொல்லியிருப்பார்கள். அவர் பதறியது ஹாலில் இருக்கும் கடல் மீன் தொட்டியைப் பார்த்து. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீனுக்கு அவர் வைத்த பெயர் பட்டைக்காரன். மீன் என்றால் வாயைத் திறந்து மூடத்தான் செய்யும், அதை அவரிடம் யார் சொல்வது?

“என்ன ஆச்சு மாமா?” என்றாள் மருமகள், ஆபீஸிலிருந்து.

“ஏசி நின்னு போச்சு. தண்ணி சூடேறிட்டே போகுது.”

“நீங்க முதல்ல பக்கத்து வீட்டுக்குப் போய் உக்காருங்க. மீனை நான் வந்து பார்த்துக்கறேன்.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், நடுவழியில் கொதித்த இன்ஜினையெல்லாம் சமாளித்து வண்டியை ஊர் சேர்த்தவர். ஒரு தொட்டித் தண்ணீரைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று நினைத்துவிட்டாளா?

இத்தனைக்கும், இந்த வீட்டுக்கு ஏசியே கூடாது என்று அடம்பிடித்தவர் அவர்தான். “இன்ஜினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டினவன் நான். எனக்கு எதுக்கு அந்தச் சொகுசெல்லாம்?” என்பார். போன கோடையில் மயங்கி விழுந்ததைக்கூடக் கால் தடுக்கியது என்று சாதித்துவிட்டார்.

அப்புறம்தான் மருமகள் இந்தத் தொட்டியை வாங்கிவந்தாள். கடல் மீனாம், தண்ணீர் சூடானால் செத்துப்போகுமாம். பின்னாலேயே ஹாலுக்கு ஏசி வந்தது. மீனுக்குத் துணை வேண்டுமென்று இவர் கட்டிலும் வந்தது. “இந்த வீட்ல மீனுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை” என்று புலம்பிக்கொண்டே, அந்த மீன்மேல் உயிரையே வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காவது, போவதாவது. மீன் கடைக்காரருக்கும் ஒரு போன் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். தொட்டியின் மூடியைக் கழற்றினார். ஃப்ரீசரில் உறைந்து கிடந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே மிதக்கவிட்டார். ஐஸ் கரைந்து கலந்தால் உப்பு குறைந்துவிடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் பக்கம் துளிக் காற்று இல்லை, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுத்துக்கடா. அவ வர்றப்போ நீ நல்லா நீந்திட்டு இருக்கணும். என் மானத்தை வாங்கிடாதே,” என்று பட்டைக்காரனிடம் கெஞ்சினார்.

மூச்சிரைக்க ஓடிவந்த மருமகள், தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் தம்ளரைத் திணித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபம் போலிருக்கிறது என்று அவரும் மடமடவென்று குடித்துவைத்தார்.

அதற்குள் மீன் கடைக்காரர் வந்து நின்றார்.

“ஒண்ணும் இல்லண்ணா, நீங்க கிளம்புங்க,” என்று வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள் மருமகள்.

“உயிர் போற விஷயம்மா. அவர் உள்ள வரட்டும்,” என்றார் பெரியவர்.

கடைக்காரர் தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். “அருமையா இருக்கே ஐயா. ஃபேனைத் திருப்பி வச்சீங்க பாருங்க, அதுவே போதும்.”

“ஏசி இல்லாம பொழச்சுக்குமா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அந்த ஏசிக் குளிர்தான் இதுக்கு ஆகலை. மீன் விறைச்சுப் போகுதுன்னு அக்கா சொல்லித்தானே உள்ள ஹீட்டர் போட்டேன்.”

பெரியவர் மெல்லத் திரும்பினார். மருமகள் பழைய செய்தித்தாளை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“மீனுக்குன்னு சொல்லலைன்னா, நீங்க ஏசி போட விட்டிருப்பீங்களா மாமா?”