இந்தக் காருக்கு ரெண்டு பேர்தான்

“மூணு பேர் தாராளமாப் போகலாம் சார்,” என்றார் மெக்கானிக்.

கணக்கு வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. எங்களோடது சின்ன கார். அதுக்குப் பின்னாடி ஒரு வீட்டையே மாட்டி இழுக்கப் போறோம்.”

“வீடுன்னாலும் குருவிக்கூடு மாதிரி வீடு சார். படுக்கை, அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி, அவ்வளவுதான். காலியா இருந்தா கையாலேயே தள்ளிடலாம். தண்ணி, கேஸ், சாமானெல்லாம் ஏத்தினாக்கூட உங்க கார் இழுக்கிற எடைக்குள்ளதான் வருது. காருக்குள்ள மூணு பேர் உட்கார்ந்தாலும் கவலை இல்ல.”

வாத்தியார் கடை வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே நின்றிருந்த குட்டி டிரெய்லரை அவர் மனைவியும், மனைவியின் அண்ணனும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். மச்சான் உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்து, “நல்லாக் கால் நீட்ட முடியுதும்மா!” என்று கூவியது இங்கே வரை கேட்டது.

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது.

“ஒரு உதவி பண்ணுங்க. என் மனைவி வந்து கேட்டா, ரெண்டு பேர்தான் போக முடியும்னு சொல்லிடுங்க.”

“ஏன் சார்?”

“ஏன்னா கேக்கறீங்க? கல்யாணமான நாள்லேருந்து நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ஊருக்குப் போனதில்லங்க. முதல் பயணத்துக்கு ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர், அப்படியே ரயில்ல ஏறிட்டார்!”

“யாரு, உங்க மச்சானா?”

“வேற யாரு? அப்பா அம்மா போனப்புறம் இவளை வளர்த்து ஆளாக்கினவர். நல்ல மனுஷன்தான், இல்லங்கல. அவர் கல்யாணம் பண்ணிக்கல, அது என் தப்பா? ‘அண்ணன் பாவம், தனியா இருப்பார்’னு இவளுக்கு எப்பவும் இதே பல்லவி. வழியில ஒரு டீக்கடையை விடமாட்டார். தூங்கினா குறட்டை, முழிச்சா பாட்டு.”

மெக்கானிக் ஒரு மாதிரி சிரித்தார். “பொய் சொல்லச் சொல்றீங்க.”

“பொய் இல்லங்க. எடையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க, அவ்வளவுதான்.”

இத்தனைக்கும், அரை மார்க் கூடப் போடச் சொல்லி வருகிற பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அவர்.

மெக்கானிக் பதில் சொல்வதற்குள் மற்ற இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“என்னங்க, சமையல் மேடைகூட இருக்கு! ஜன்னல் பக்கம் அண்ணாவுக்குன்னு முடிவு பண்ணியாச்சு.” மெக்கானிக் பக்கம் திரும்பினாள். “எங்க கார் இதை இழுக்கும் இல்லையா?”

வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இழுக்கும்மா. ஆனா ரெண்டு பேர்தான் போகலாம்.”

வாத்தியாருக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“மேடு ஏறுறதுகூடப் பெரிசில்ல. இறங்கும்போதுதான் சிக்கல். டிரெய்லர் பின்னாடியிருந்து காரைத் தள்ளும். கார்லயும் பாரம் ஜாஸ்தியா இருந்தா பிரேக் சொன்ன பேச்சு கேக்காது.”

மனைவியின் முகம் வாடியது. “அப்ப அண்ணா?”

“அதானே! மச்சான் இல்லாம ஒரு பயணமா?” வாத்தியார் நெஞ்சில் கை வைத்தார். “போற வழியெல்லாம் வெறிச்சோடிக் கிடக்குமே! அவர் வரலன்னா எனக்கும் வேண்டாம்.”

நடிப்பு நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

“அப்படின்னா நம்ம காரை மாத்திடலாங்க,” என்றாள் மனைவி. “பெரிய வண்டியா எடுத்துட்டா மூணு பேருமே போகலாம். நீங்களே இவ்வளவு ஆசைப்படறப்ப!”

வாத்தியார் அவசரமாக மெக்கானிக்கைப் பார்த்தார்.

காப்பாற்றியவர் மச்சான்தான்.

“அதெல்லாம் வேண்டாம்மா. பெரிய வண்டியை நம்ம சந்துக்குள்ள எப்படித் திருப்புறது? எனக்கு இப்பல்லாம் இடுப்பு வேற பிடிச்சுக்குது. ரொம்ப நேரம் உட்கார முடியல. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.”

“தனியா இருப்பியே அண்ணா...”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? போம்மா!”

ஒருவழியாக அவள் தலையாட்டினாள். காருக்குக் கொக்கி மாட்ட நாள் குறித்தாயிற்று. திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டும் என்று மறுபடி டிரெய்லருக்கு ஓடினாள். மச்சானும் பின்னாலேயே போனார். ஜன்னலை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, தங்கைக்காக டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாத்தியார் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

“தெய்வங்க நீங்க! என் பேச்சைக் கேட்டு...”

“உங்க பேச்சைக் கேட்டுச் சொல்லல சார். உங்க மச்சான் நேத்தே தனியா வந்து இதையேதான் கேட்டார். ‘அதுங்க ரெண்டும் ஒருதடவையாவது தனியாப் போயிட்டு வரட்டும். நானா வரலன்னு சொன்னா தங்கச்சி விடமாட்டா, கார் தாங்காதுன்னு நீங்க சொல்லிடுங்க’ன்னார். எனக்குத்தான் மனசு கேக்கல. அவரையும் கூட்டிட்டுப் போவீங்கன்னு நினைச்சு உங்ககிட்ட மட்டும் நிஜக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன்.”

வாத்தியாரின் கை நின்றுவிட்டது.

“போகும்போது இன்னொண்ணும் சொன்னார் சார். ‘மாப்பிள்ளை காதுல மட்டும் போட்டுடாதீங்க. தெரிஞ்சா, என்னை விட்டுட்டுப் போக அவருக்கு மனசே வராது.’”