உருண்டை டப்பாவுக்குக் காவல்

“இந்த வீட்டுல ஒரு திருடன் இருக்கான்” என்றாள் என் மனைவி நீலாவதி. கடலை உருண்டை டப்பா பாதி காலி. அவள் போட்ட சத்தத்தில் செஞ்சிக் கோட்டையிலிருந்து இரண்டு பாறையாவது உருண்டிருக்கும்.

“எல்லாம் உன் தம்பி உத்திராபதிதான்” என்றேன். விருந்துக்கு வந்திருந்தவன் வெலவெலத்துப் போனான்.

“யாரா இருந்தாலும் சரி. மாட்டுனா தை பொறக்குற வரைக்கும் மூணு வேளையும் கேவுரு கூழுதான்!”

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் சிப்புகளோடு குடும்பம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? டப்பாவுக்கு அடியில் சுவிட்ச், பரண்மேல் சைரன், நடுவில் ஒரு மைக்ரோபிராசசர், அதோடு இணைத்த ஒரு சிப்.

“இது இன்னா பண்ணும்?” என்று சிப்பைக் காட்டிக் கேட்டாள் நீலாவதி.

“டப்பாவைத் தூக்கினா சுவிட்ச் சொல்றதைக் கேட்டு, மூளையான மைக்ரோபிராசசருக்குச் சொல்லும். மூளை போடுற உத்தரவைச் சைரனுக்குச் சொல்லும். சிப்போட எந்தக் கால் கேக்கணும், எந்தக் கால் பேசணும்னு நாமதான் எழுதி வெக்கணும்.”

மறுநாள் மத்தியானம் நாலு உருண்டை குறைந்திருந்தது. சைரன் முனகக்கூட இல்லை.

“நான் தொடவே இல்லக்கா!” என்று அலறினான் உத்திராபதி.

“இது மனுஷன் வேலையே இல்ல நீலா. கோட்டையில சுத்துற ஏதோ ஒண்ணு” என்றேன்.

நீலாவதி டப்பாவை மூன்று முறை தூக்கித் தூக்கி வைத்தாள். மூன்று முறையும் சைரன் கத்தவில்லை. பிறகு ஒரு சொம்பு கூழை என் முன்னால் நகர்த்தினாள்.

“சைரன் கத்தியிருந்தா என் தம்பியைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அதைக் கத்தாம பண்ணத் தெரிஞ்சவரு இந்த வீட்டுல நீங்க ஒருத்தருதானே?”