அண்ணையின் கறுப்பு வைன்

படையலில் எல்லாம் இருந்தது. அந்த வைன் மட்டும் இல்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் சீவரத்தினம் செத்து அன்றோடு எட்டு நாள். அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்கிற நாள். ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஈரல் வறுவல், தாரா வாத்துக் கறி என்று இலை நிறைந்து கிடந்தது. அவருடைய தம்பி கபிலன் இலையைச் சுற்றிச் சுற்றித் தேடினான்.

"அண்ணி, நான் தந்த போத்தில் எங்கை?"

"அது வேண்டாம் தம்பி," என்றாள் தங்கராணி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேண்டாமாமே! சீவரத்தினத்துக்கும் அந்த வைனுக்கும் இருந்த உறவு ஹேர்னிங் தமிழருக்கெல்லாம் தெரியும். பிரான்சின் தென்மேற்கில், காஓர் என்ற பகுதியில் செய்கிற சிவப்பு வைன். சிவப்பென்று பேர்தானே தவிர, கிளாசில் ஊற்றினால் கறுப்பாய்த்தான் இருக்கும். நெசவு ஆலையில் கூட வேலை செய்த டெனிஸ்காரர் ஒருவர் பழக்கிவிட்டது.

சனிக்கிழமைகளில் ஒரு கிளாஸ், ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு மனுசன் பண்ணுகிற ஆர்ப்பாட்டம் கொஞ்சமல்ல. ஆட்டிறைச்சிக்கும் தாராவுக்கும்தான் இது பொருந்தும், மீன்குழம்போடு குடித்தால் வாயில் இரும்பு ருசிக்கும் என்பார். உறைப்புக் கூடினால் வைன் கசந்துபோகும் என்று மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுவார். விருந்துக்கு வந்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே உறைப்பில்லாத கறியைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவரின் கடைசி விருந்தில் அது இல்லையென்றால் என்ன நியாயம்?

அந்தப் போத்திலுக்காகக் கபிலன் தான் இருக்கிற ஹோர்சன்சிலிருந்து ஓகூஸ் நகரம் வரைக்கும் போயிருந்தான். அவன் குடியை விட்டுப் பதினான்கு மாதம். விட வைத்ததும் அண்ணைதான். கடை வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனான். என்ன சாப்பாட்டோடு குடிக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்க, ஆட்டிறைச்சி, ஈரல் என்று அண்ணைக்குப் படைக்கப்போவதைச் சொன்னான். வந்து சேரும்வரை போத்திலைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான். இவ்வளவும் அண்ணைக்குச் செய்கிற கடைசிக் கடமை என்றுதான்.

வந்திருந்த சனம் குசுகுசுக்கத் தொடங்கியது. உயிரோடு இருந்தபோதும் இவள் ஒரு கிளாசுக்கு மேல் விடவில்லை, இப்போது அதுவும் இல்லையா என்று யாரோ கேட்டார்கள். சீவரத்தினத்தின் பெரியம்மா மகள் பரமேஸ்வரிக்கு ஒளிவு மறைவு கிடையாது. நேரே தங்கராணியிடமே வந்தாள்.

"ஆசையோடை போன ஆத்துமா அலையும் பிள்ளை. ஒரு சொட்டு வைச்சால் நீ என்ன குறைஞ்சே போவாய்?"

தங்கராணி இலைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தாள்.

கபிலனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அவர் ஓடி ஓடி உழைச்ச வீடு அண்ணி இது. அவருக்கு ஒரு கிளாஸ் வைக்க உங்களுக்கு மனம் வரேல்லை. இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டன்."

அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒருத்தரும் அவனைத் தடுக்கவும் இல்லை, எல்லோருக்கும் அதே எண்ணம்தான். தங்கராணியின் கண் நிறைந்துவிட்டது. கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

கும்பிட்டு முடிந்ததும் கபிலன் குளிர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். கார்க் கதவைத் திறந்தபோது அண்ணி பின்னால் வந்து நின்றாள். குளிருக்கு ஒன்றும் போடாமல், வீட்டுச் செருப்போடேயே வந்திருந்தாள். சுற்றிவர வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"ஏன் வைக்கேல்லை எண்டு சனத்துக்கு முன்னாலை சொன்னால் உமக்குத்தான் தம்பி மரியாதைக் குறைவு. படைச்சதை முதல்லை ஆர் வாயிலை வைக்கிறது?"

"கூடப் பிறந்தவன். நான்தான்," என்றான் அவன் வெடுக்கென்று.

"உம்மடை அண்ணை ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர்: 'எனக்குப் படைச்சதெண்டால் தம்பி மறுக்காமல் குடிப்பான். நான் தாகத்தோடையே போறன், அவன் தப்பட்டும்' எண்டு."