மெதுவாக ஓடும் பாடம்

"இந்த உமா மேடம் யார் பேச்சைக் கேட்டு இப்படிப் பண்ணாங்க?"

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே அமுதம் கேட்டாள். உடை மாற்றும் அறையில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அதே கேள்விதான்.

கருக்களாச்சேரிக்குப் பக்கத்தில், இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. நாற்பது பெண்கள் அங்கே இறால் உரிக்கிறார்கள். சுத்தம், சுகாதாரம் பற்றி அத்தனை பேரும் ஆன்லைனில் பாடம் படித்துத் தேறினால்தான் சரக்கு எடுப்போம் என்று வாங்குகிற கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். பாடம் தயாரிக்க ஒரு சாப்ட்வேர் வேண்டும். அதைப் பார்த்து எடுக்கும் பொறுப்பு பயிற்சி அதிகாரி உமாமகேஸ்வரிக்கு.

கடைசியில் இரண்டு சாப்ட்வேர்கள் மிஞ்சின. இரண்டிலும் ஒரே பாடத்தைச் செய்து பெண்களிடமே காட்டினார்.

முதல் சாப்ட்வேரில் செய்த பாடம் போனிலேயே ஓடியது. வேண்டாத இடத்தை விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஒரு பக்கத்தை அது பேசி முடிக்கும்வரை 'அடுத்து' என்கிற பொத்தான் அசையவே அசையாது. கை கழுவும் பாடத்துக்கு மட்டும் அரை மணி நேரம்.

"அரை மணி நேரம் கழுவுனா கையில தோலு இருக்குமா?" என்று ஜன்னத் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது பேரும் முதல் சாப்ட்வேருக்கே கை தூக்கினார்கள்.

உமாமகேஸ்வரி இரண்டாவதை எடுத்துவிட்டார்.

"நமக்கெல்லாம் மண்டையில ஒன்னும் ஏறாதுன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள் அமுதம்.

"அட, அதை விக்கிறவன் சொந்தக்காரனா இருப்பான்" என்றாள் ஜன்னத்.

அவர்களோடு இருந்த அற்புதத்தின் கவலை வேறு. எட்டு மணி நேரம் ஈரத் தரையில் நின்று நின்று அவளுடைய கால்கள் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்து, இரண்டு அளவு பெரிய பூட்ஸுக்குள் காலை மறைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரமாகிவிடும்.

இந்த லட்சணத்தில், தருமபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சமைத்து, துவைத்து, அதற்கப்புறம் எந்தக் கம்ப்யூட்டரைத் தேடிப் போய் அரை மணி நேரம் படிப்பது? போன் பாடம் என்றால் கம்பெனி வேனிலேயே முடித்துவிடலாம்.

"நான் போய்க் கேக்கறேன்" என்று எழுந்தாள்.

"நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்கக்கா. சிரிச்சிட்டு வந்துடாதீங்க!" என்றாள் அமுதம்.

உமாமகேஸ்வரி மேலாளர் தெட்சிணாமூர்த்தியின் அறைக்குள் இருந்தார். அற்புதம் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா நீங்க? போன்ல ஓடுறதை எடுத்திருந்தா, அவங்கவங்க வீட்டுல பார்த்து முடிச்சிருப்பாங்கல்ல?"

"ஆமா சார். வீட்டுலதான் பார்த்திருப்பாங்க."

"இது கம்ப்யூட்டர்லதான் ஓடும்ங்கிறீங்க. அதுக்கு அவங்க எங்க போவாங்க?"

"நம்ம பின்பக்க ரூம்ல பத்து கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு சார். பத்துப் பத்துப் பேரா வந்து பார்க்கட்டும்."

"வேலை முடிஞ்சப்புறமா?"

"முடிஞ்ச உடனே வேன் கிளம்பிடும் சார். வேலை நேரத்துலதான் பார்க்கணும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரி, அஞ்சு நிமிஷத்துல ஓட்டி அனுப்பிடுங்க."

"ஓட்ட முடியாது சார். இந்த சாப்ட்வேர்ல அதுக்கு வழியே இல்ல."

"அப்ப தினமும் பத்துப் பத்துப் பேரா இறாலை அப்படியே போட்டுட்டு, நாற்காலியில உட்கார்ந்து, ஃபேன் காத்துல அரை மணி நேரம் படம் பார்ப்பாங்களா?"

"பாடம் சார். மூணு மாசத்துக்குத்தான்."

"மூணு மாசமா! முதல்ல இதை மாத்துங்க."

"வாங்குறவங்களுக்கு இதுதான்னு எழுதி அனுப்பியாச்சு. நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க."

"நீங்க விவரமா பார்த்திருப்பீங்கன்னு நம்பிப் போட்டேன்! ஒரு சாப்ட்வேர் பார்த்து எடுக்கத் தெரியல உங்களுக்கு."

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

கதவைத் திறந்துகொண்டு உமாமகேஸ்வரி வந்தார். திட்டு வாங்கிய முகம் சிவந்திருந்தது. அற்புதத்தைப் பார்த்ததும் அது மெல்ல மலர்ந்தது. அவர் பார்வை அவளுடைய பெரிய பூட்ஸில் ஒரு கணம் நின்றது.

"நாளைக்குப் பத்தரைக்கு உங்க முறை" என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்த ரூமுக்குள்ள பூட்ஸ் போடணும்னு விதி ஒன்னும் கிடையாது. கழட்டிட்டு, காலை நல்லா நீட்டி உட்காருங்க."

அற்புதம் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"ஆமா, நீங்க ஏதோ கேக்க வந்த மாதிரி இருக்கே?"

அற்புதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாடம் இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடுமான்னு கேக்கத்தான் வந்தேன், மேடம்!"